மின்தேவை ஏறி இறங்குவது மின்நிலையத்தை எப்படித் தீர்மானிக்கிறது? சென்னையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஊருக்கு எவ்வளவு பெரிய மின்நிலையம் வேண்டும்? வருடத்துக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று தெரிந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கில் பாதிப் பதில்கூட இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்பதுதான் நிலையத்தின் அளவை முடிவு செய்கிறது. மொத்த யூனிட் எரிபொருள் செலவைச் சொல்லும். உச்ச மெகாவாட்தான் எத்தனை இயந்திரம் வாங்க வேண்டும் என்று சொல்லும். கல்யாண மண்டபத்துச் சமையற்கூடத்தை ஆண்டு முழுவதும் சாப்பிடுபவர்களின் சராசரியை வைத்தா கட்டுகிறார்கள்? முகூர்த்த நாளின் முதல் பந்திக்குத்தானே அளவெடுக்கிறார்கள்!

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாநிலத்தில் ஐப்பசி மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தேவை எங்கேயோ கீழே கிடக்கும். இரண்டு நாளுக்கும் இருப்பது ஒரே நிலையங்கள், ஒரே கம்பிகள். கோடையில் தேவைப்பட்டதைக் கட்டாமல் விட்டால் கரண்ட் கட். கட்டி வைத்தால், மழைக்காலத்தில் அதில் ஒரு பகுதி சும்மா நிற்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். மின்நிலையத் திட்டமிடல் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடுவதுதான்.

டிப்ளமோவிலோ பொறியியலிலோ இ.இ.இ. படிப்பவர்களையும், ‘நம்ம தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மட்டும் ஏன் லோ வோல்டேஜ்’ என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 1: முதலில் லோடு கர்வ் வரையுங்கள்

கிடைமட்டத்தில் நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை நேரம். செங்குத்தில் மெகாவாட். இதுதான் லோடு கர்வ், அதாவது சுமை வளைவு. கணக்குக்காக ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வீடுகளும் அலுவலகங்களும் கடைகளும் கலந்திருக்கும் ஒரு பகுதி, மே மாதத்து வேலை நாள் என்று வையுங்கள்.

நள்ளிரவு 12 – காலை 5: 50 மெகாவாட்
காலை 5 – 9: 40 மெகாவாட்
காலை 9 – மாலை 5: 60 மெகாவாட்
மாலை 5 – 7: 55 மெகாவாட்
இரவு 7 – 11: 100 மெகாவாட்
இரவு 11 – 12: 80 மெகாவாட்

உண்மையான வளைவு இப்படிப் படிக்கட்டு மாதிரி இருக்காது, வழவழவென்று ஏறி இறங்கும். கணக்குப் பழக இது போதும்.

வளைவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மிக உயர்ந்த புள்ளி 100. அதுதான் உச்சத் தேவை. மிகத் தாழ்ந்த புள்ளி 40. நாள் முழுக்க எந்த நொடியிலும் தேவை இதற்குக் கீழே போகவில்லை. இதுதான் அடிப்படைச் சுமை, பேஸ் லோடு. வளைவுக்குக் கீழே இருக்கும் பரப்பு, அந்த நாளில் செலவான மொத்த யூனிட். ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். மேலே உள்ள வரிசையில் ஒவ்வொன்றையும் மணியால் பெருக்கிக் கூட்டினால் 14.8 லட்சம் யூனிட் வரும்.

வளைவின் உருவம் ஊருக்கு ஊர் மாறும். கோயம்புத்தூர் மில்களின் வளைவும் தஞ்சாவூர் பம்ப்செட்டுகளின் வளைவும் சென்னையின் வளைவும் ஒன்றல்ல. சென்னையில் வளைவை வளைப்பது முக்கியமாக ஏசி. ஏப்ரல் முதல் ஜூன் வரை, பகலில் அலுவலக ஏசிகள் ஓடுகின்றன. அவை அணையும் நேரத்தில் வீட்டு ஏசிகள் ஓடத் தொடங்குகின்றன. பகல் முழுக்கச் சூடேறிய மொட்டைமாடி காங்கிரீட் இரவில்தான் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். அதனால் இரவு பத்து மணிக்கு மேலும் தேவை இறங்காமல் நிற்கிறது. பிற்பகலில் கடற்காற்று சீக்கிரம் நுழைந்த நாளில் வளைவு ஒரு மாதிரி, மேற்குக் காற்று அதைத் தடுத்த நாளில் வேறு மாதிரி. சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஏசிகள் அணைந்துவிடும். பொங்கலன்றும் தீபாவளியன்றும் தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் பகல் வளைவே தட்டையாகிவிடும்.

ஆகவே ஒரு நாள் வளைவை மட்டும் வரைந்து நிறுத்தாதீர்கள். கோடை வேலை நாள், கோடை ஞாயிறு, மழைக்கால வேலை நாள், பண்டிகை நாள் என்று குறைந்தது நான்கு வளைவுகள் இருக்கட்டும்.

படி 2: லோடு ஃபேக்டர்

சராசரித் தேவையை உச்சத் தேவையால் வகுத்தால் கிடைப்பது லோடு ஃபேக்டர், சுமைக் காரணி. நம் பகுதியின் 14.8 லட்சம் யூனிட்டை 24 மணியால் வகுத்தால் சராசரி 61.7 மெகாவாட். உச்சம் 100. ஆக லோடு ஃபேக்டர் 61.7 சதவீதம்.

இந்த ஒரு எண்ணில் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. லோடு ஃபேக்டர் 100 சதவீதம் என்றால் நாள் முழுக்க ஒரே தேவை. அப்போது 61.7 மெகாவாட் நிலையமே இதே யூனிட்டைத் தந்திருக்கும். வளைவு ஏறி இறங்குவதால் மட்டுமே, அதே யூனிட்டுக்கு இன்னும் 38 மெகாவாட்டுக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. நிலையத்தின் முதலீடு, கடன் வட்டி, ஊழியர் சம்பளம் எல்லாம் நிலைச் செலவு. இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் அது உண்டு. லோடு ஃபேக்டர் குறையக் குறைய, ஒவ்வொரு யூனிட்டும் சுமக்கும் நிலைச் செலவு கூடும்.

படி 3: எல்லா உச்சமும் ஒரே நேரத்தில் வருவதில்லை

நம் பகுதியில் இருப்பவர்களைப் பிரித்துப் பாருங்கள். வீடுகளின் உச்சம் இரவு 10 மணிக்கு 70 மெகாவாட். அலுவலகங்களின் உச்சம் பிற்பகல் 3 மணிக்கு 45. கடைகளின் உச்சம் இரவு 7 மணிக்கு 25. குடிநீர் ஏற்றும் மோட்டார்களின் உச்சம் விடியற்காலையில் 10. தனித்தனியாகக் கூட்டினால் 150. மொத்தப் பகுதியின் உச்சமோ 100தான். 150-ஐ 100-ஆல் வகுத்தால் 1.5. இதற்குப் பெயர் டைவர்சிட்டி ஃபேக்டர், பரவல் காரணி. எப்போதும் ஒன்றுக்குக் குறையாது. எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

ஊர்களைக் கம்பியால் இணைத்து ஒரே கிரிட் ஆக்குவதன் பெரிய லாபமே இதுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென் மாநில கிரிட் நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அலைவெண்ணில், அதாவது நொடிக்கு இத்தனை அலை என்ற ஒரே துடிப்பில், சேர்ந்தது. அதற்கு முன்பான ஆண்டுகளின் மின்வெட்டு நினைவிருக்கும். 2012-இல் சென்னைக்கே நாளுக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. வேறு பகுதியில் மிச்சம் இருந்த நேரத்திலும் அதைத் தெற்கே கொண்டுவரப் பாதை போதவில்லை. உற்பத்தி பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பாதை பற்றிப் பேசுவதில்லை. அது சரியில்லை.

டைவர்சிட்டி குறையும் இடத்தையும் கவனியுங்கள். தெருவில் இருக்கும் ஒரு ட்ரான்ஸ்பார்மருக்குக் கீழே எல்லாமே வீடுகள். எல்லோர் வீட்டிலும் ஏசி ஓடுவது ஒரே நேரத்தில். அங்கே டைவர்சிட்டி சிறிது. மாநிலத்தில் மின்சாரம் தாராளமாக இருக்கும் இரவிலும் உங்கள் தெருவில் மட்டும் ஃபியூஸ் போவதும் ஒரு ஃபேஸ் போவதும் பெரும்பாலும் இதனால்தான். மின்நிலையம் கட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ட்ரான்ஸ்பார்மரின் திறனைக் கூட்ட வேண்டும், அல்லது சுமையைப் பிரிக்க வேண்டும்.

படி 4: வளைவை அடுக்கிப் பாருங்கள்

மணிக்கணக்கை மறந்துவிட்டு, அதே எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 100 மெகாவாட் 4 மணி நேரம். 80 அல்லது அதற்கு மேல் 5 மணி நேரம். 60 அல்லது அதற்கு மேல் 13 மணி நேரம். 55-க்கு மேல் 15 மணி நேரம், 50-க்கு மேல் 20 மணி நேரம், 40-க்கு மேல் 24 மணி நேரமும். இது லோடு டியூரேஷன் கர்வ். எந்த அளவு தேவை எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதை இது சொல்லும். திட்டமிடுபவரின் மேஜையில் முதலில் இருக்க வேண்டிய படம் இதுதான் என்பது என் கருத்து.

இப்போது 60 மெகாவாட்டில் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது: 40 மெகாவாட் 4 மணி நேரம், 20 மெகாவாட் 1 மணி நேரம். மொத்தம் 1.8 லட்சம் யூனிட். கோட்டுக்குக் கீழே 13 லட்சம் யூனிட். அதாவது, நிலையத் திறனில் 40 சதவீதம் இருக்கும் மேல்பகுதி, தரும் மின்சாரமோ மொத்தத்தில் 12 சதவீதம்தான். கீழே இருக்கும் 60 மெகாவாட் தன் முழுத் திறனில் 90 சதவீதம் வேலை செய்கிறது. மேலே இருக்கும் 40 மெகாவாட் 19 சதவீதம்கூட வேலை செய்வதில்லை.

இந்த இரண்டு பகுதிக்கும் ஒரே வகை நிலையத்தைக் கட்டுவது வீண். ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. முதல் வகை நிலையத்தைக் கட்டிப் பராமரிக்க ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், ஓட்ட யூனிட்டுக்கு 3 ரூபாய். இரண்டாம் வகைக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், யூனிட்டுக்கு 6.50. முதல் வகையில் நிலைச் செலவு 7,000 ரூபாய் அதிகம், ஓட்டும் செலவு 3.50 குறைவு. 7,000-ஐ 3.50-ஆல் வகுத்தால் 2,000 மணி நேரம். ஆண்டுக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய திறனுக்கு முதல் வகை லாபம், குறைவாக ஓடுவதற்கு இரண்டாம் வகை லாபம்.

நம் வளைவு ஆண்டு முழுக்க இப்படியே இருக்கிறது என்று கொண்டால், 60 மெகாவாட் வரையிலான தேவை நாளுக்கு 13 மணி, ஆண்டுக்கு 4,745 மணி. அதற்கு முதல் வகை. 60-க்கு மேல் இருப்பது நாளுக்கு அதிகபட்சம் 5 மணி, ஆண்டுக்கு 1,825 மணி. அதற்கு இரண்டாம் வகை. கோட்டை 60-இல் கிழித்ததற்குக் காரணம் இதுதான்.

யூனிட்டுக்கு 6.50 என்றதும் ‘இது நஷ்டம்’ என்று சொல்பவர்கள் உண்டு. நாளுக்கு நாலு மணி நேரம் மட்டும் ஓடப் போகும் ஒன்றுக்கு மலிவான எரிபொருளும் விலை உயர்ந்த இயந்திரமும் வாங்கினால் அதுதான் நஷ்டம். யூனிட் விலையை மட்டும் பார்த்து மின்நிலையத்தை எடைபோடாதீர்கள். அது எத்தனை மணி நேரத்துக்காக இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: எந்தப் பகுதிக்கு எந்த நிலையம்

அடிப்படைச் சுமைக்கு, நிறுத்தாமல் ஓடவே பிறந்தவை. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அணு உலைகள் இரண்டு, கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. எரிபொருள் செலவு குறைவு, கட்டும் செலவு மிக அதிகம். அடிக்கடி ஏற்றி இறக்க இவை ஏற்றவை அல்ல. சுரங்கத்தின் வாயிலிலேயே பழுப்பு நிலக்கரியை எரிக்கும் நெய்வேலி நிலையங்களும் இந்தப் பக்கம்தான்.

அடுத்து நிலக்கரி. சென்னைக்கு மிக அருகில், எண்ணூர்–அத்திப்பட்டு பக்கம் இருக்கின்றன வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும். வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று (அலகு என்பது தனியாக ஓடக்கூடிய ஒரு மின் உற்பத்தி இயந்திரத் தொகுதி). ஒடிசாவிலிருந்து வரும் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. கொதிகலன் சூடேற நேரம் பிடிக்கும். நிறுத்திய பத்து மணி நேரத்துக்குள் திரும்ப ஏற்றினால் அது சூடான தொடக்கம். 72 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் குளிர்ந்த தொடக்கம். அதற்குப் பல மணி நேரமும் நிறைய எண்ணெயும் செலவாகும். தடித்த உலோகம் சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடாகும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இறுக்கம் ஏறுகிறது. கொதிகலன் குழாய் கசிந்து அலகு நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின்தேவையின் ஏற்றத்தாழ்வு ஒரு நிலையத்தின் உடம்பில் நேரடியாகத் தெரியும் இடம் இது.

உச்சத்துக்கு நீரும் வாயுவும். நீர்மின் அலகை வால்வு திறந்து சில நிமிடங்களில் முழுத் திறனுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அணையில் தண்ணீர் இருக்க வேண்டும், பாசனத்தின் கணக்கும் அதில் சேரும். சென்னைக்குள்ளேயே பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட் வாயுச் சுழலிகள் (கேஸ் டர்பைன்) நான்கு இருக்கின்றன. நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடுபவை என்பதால் யூனிட் விலை அதிகம். ரயிலில் அந்தப் பக்கம் போகும்போது அந்த நிலையம் பெரும்பாலும் அமைதியாக இருப்பதைப் பார்க்கலாம். அவசரத்துக்கு நகரத்தின் நடுவிலேயே விரைவாக ஏற்றக்கூடிய 120 மெகாவாட் இருப்பது சாதாரண விஷயமில்லை.

காற்றும் சூரியனும் தனி ரகம். தேவை பார்த்து ஓடாது, இயற்கை பார்த்து ஓடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும். சென்னையின் வெயில் உச்சத்தின் பின்பாதிக்கு அது கை கொடுக்கிறது, ஏப்ரலுக்குக் கை கொடுக்காது. சூரிய மின்சாரம் பகல் ஏசிக்குப் பொருத்தமான ஜோடி. மாலை 6 மணிக்கு அது போய்விடும்.

இதனால் இப்போது இரண்டு வளைவுகள் வரைய வேண்டும். முதலாவது மொத்தத் தேவை. இரண்டாவது, அதிலிருந்து காற்றையும் சூரியனையும் கழித்த மீதித் தேவை. மற்ற நிலையங்கள் பின்தொடர வேண்டியது இரண்டாவதைத்தான். அதில் மதியம் ஒரு பள்ளம் விழும், மாலையில் செங்குத்தாக ஒரு ஏற்றம் வரும். சூரியன் இறங்குவதும் வீடுகளில் ஏசி ஏறுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், உச்சத்தின் உயரத்தோடு ஏறும் வேகமும் இன்றைய திட்டமிடலில் ஒரு பெரிய கேள்வியாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டுக்கு இன்னொரு அடிப்படைச் சுமை நிலையத்தைவிட வேகமாக ஏறி இறங்கும் திறன்தான் அவசரத் தேவை என்று நான் நினைக்கிறேன்.

படி 6: எத்தனை அலகு, எவ்வளவு கையிருப்பு

100 மெகாவாட் உச்சத்துக்கு ஒரே 100 மெகாவாட் இயந்திரம் வைக்கலாமா? கூடாது. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதோடு, காலை 40 மெகாவாட் தேவையில் அதைப் பாதிக்கும் கீழே ஓட்ட வேண்டும், செயல்திறன் குறையும். 30 மெகாவாட்டில் இரண்டு, 20 மெகாவாட்டில் இரண்டு, அப்புறம் கையிருப்பாக இன்னொரு 30 என்று வைத்தால் மொத்தம் 130. மிகப் பெரிய அலகு பழுதானாலும் 100 கையில் இருக்கும்.

இப்போது நிலையத்தின் பயன்பாட்டைக் கணக்கிடுங்கள். 130 மெகாவாட் 24 மணி நேரம் ஓடினால் 31.2 லட்சம் யூனிட். நாம் எடுப்பது 14.8 லட்சம். இது 47.4 சதவீதம், பிளாண்ட் கெப்பாசிட்டி ஃபேக்டர். இதையும் 61.7 சதவீத லோடு ஃபேக்டரையும் தேர்வில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் கையிருப்பு. அவ்வளவுதான்.

பெரிய அலகு, யூனிட்டுக்கு மலிவு. ஆனால் விழுந்தால் பெரிய பள்ளம். வட சென்னை நிலையத்தின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. 1990-களில் வந்த முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட்டில் ஒரே அலகு. அன்று தனியாக இருந்த தென் மாநில கிரிட்டில் 800 மெகாவாட் ஒரே அடியில் போனால் பெரிய ஆட்டம். 2024 மே 30 அன்று 2,50,000 மெகாவாட் உச்சத்தைத் தொட்ட இன்றைய ஒரே கிரிட்டில் அதைத் தாங்க முடிகிறது.

பராமரிப்புக்கும் நேரம் பார்த்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அனல் அலகுகளின் ஆண்டுப் பராமரிப்புக்குக் காற்று பலமாக வீசும் மாதங்களும் மழைக்காலமும் வசதியானவை. ஏப்ரலில் ஒரு அலகைப் பிரித்துப் போடுவது யாருக்கும் நல்லதல்ல.

படி 7: நாளைக்கான திட்டம்

இதுவரை பார்த்தது ஆண்டுக்கணக்கு. இனி ஒரு நாள். இந்தியாவில் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நாளைய தேவை என்ன, எந்த நிலையம் எவ்வளவு தரும் என்பது முந்தைய நாளே முடிவாகிறது. மாநில அளவில் இதைச் செய்வது சென்னையில் இருக்கும் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டர். தென் மாநிலங்களுக்குச் சேர்த்துப் பார்ப்பது பெங்களூரு மையம்.

முதலில், காற்றும் சூரியனும் எவ்வளவு தருமென்று மதிப்பிட்டு அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து அணு மின்சாரம். அப்புறம் மீதி நிலையங்களை, ஓட்டும் செலவு குறைந்ததிலிருந்து அதிகமானது வரை வரிசையாக அடுக்கி, தேவை நிறையும் வரை மேலே போகிறார்கள். மெரிட் ஆர்டர் என்பது இதுதான். இந்த வரிசையில் நிலைச் செலவைப் பார்ப்பதில்லை. அது எப்படியும் கொடுத்தே ஆக வேண்டியது.

சிக்கல் மதியத்தில் வருகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது அனல் அலகு தேவையில்லை, ஆனால் இரவு 7 மணிக்குக் கட்டாயம் வேண்டும். மதியம் நிறுத்தினால் சாயங்காலம் ஏற்ற நேரம் போதாது. அதனால் அணைக்காமல், குறைந்தபட்ச அளவான 55 சதவீதத்துக்கு இறக்கி வைக்கிறார்கள். 600 மெகாவாட் அலகு 330-இல் ஓடும். அந்த நிலையில் ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி அதிகம். மாலையில் அது மெல்ல, நிமிடத்துக்குத் திறனில் ஓரிரு சதவீதம் என்ற வேகத்தில் ஏறும். எந்த அலகை இறக்கி வைப்பது, எதை முழுக்க நிறுத்துவது என்பதுதான் அன்றாட இயக்கத்தில் மிகக் கடினமான முடிவு. வானிலைக் கணிப்பு தவறினால் இந்த முடிவும் தவறும்.

படி 8: நொடிக்கு நொடி

திட்டம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தேவை அப்படியே நடக்காது. வித்தியாசம் முதலில் தெரிவது அலைவெண்ணில். 50 ஹெர்ட்ஸ் என்பது, பெரிய அனல் அலகின் சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவது. தேவை உற்பத்தியை மிஞ்சினால், மிஞ்சிய சக்தி அந்தக் கனத்த சுழலிகளின் வேகத்திலிருந்தே எடுக்கப்படும். வேகம் குறையும், மீட்டரில் 49.95, 49.90 என்று இறங்கும். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பட்டை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை.

வேகம் குறைந்ததும், கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே நீராவி வால்வைத் திறக்கும். இது சில நொடிகளில் நடப்பது. ஆனால் வால்வைத் திறந்து கொடுக்க அலகில் மிச்சம் இருக்க வேண்டும். முழுத் திறனில் ஓடும் அலகால் எதுவும் கூடுதலாகத் தர முடியாது. ஆகவேதான் சில அலகுகளை வேண்டுமென்றே முழுத் திறனுக்குக் கீழே ஓட்டுகிறார்கள். இதற்குச் சுழல் இருப்பு என்று பெயர். அடுத்த சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு மையத்தின் கட்டளைப்படி மற்ற அலகுகள் ஏறும், நீர்மின் நிலையம் திறக்கும். எல்லாம் தோற்று அலைவெண் 49.4 ஹெர்ட்ஸுக்குப் போனால், ரிலேக்கள் என்ற தானியங்கிப் பாதுகாப்புக் கருவிகள் படிப்படியாகச் சில பகுதிகளைத் துண்டிக்கும். அந்தப் பகுதி மக்களுக்கு அது வேதனைதான். துண்டிக்காமல் விட்டால் கிரிட் முழுவதும் விழும்.

தேவை திடீரென்று குறைவதும் அதே அளவு ஆபத்து. 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தது நினைவிருக்கும். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்தது சுமார் 31,000 மெகாவாட். முன்கூட்டியே தயாராக ஓட வைத்திருந்த நீர்மின் நிலையங்களைச் சட்டென்று 17,000 மெகாவாட்டுக்கு மேல் இறக்கினார்கள். 9 நிமிடம் முடிந்து விளக்குகள் எரியத் தொடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள். அலைவெண் 49.7-க்கும் 50.26-க்கும் நடுவில் நின்றது. அந்த இரவு கட்டுப்பாட்டு மையங்களிலும் அணைகளிலும் வேலையில் இருந்தவர்கள் செய்த காரியம் பெரியது. பாடப்புத்தகத்தில் வர வேண்டியது.

படி 9: வளைவையே மாற்றுங்கள்

தேவையைப் பின்தொடர்வது மட்டுமே வழியல்ல. நம் பகுதியில் இரவு 7–11 தேவையில் 20 மெகாவாட்டை மட்டும் காலை 5–9-க்கு நகர்த்தினால் என்ன ஆகும்? மொத்த யூனிட் அதே 14.8 லட்சம். உச்சம் 80-ஆக இறங்கும். லோடு ஃபேக்டர் 61.7-இலிருந்து 77.1 சதவீதமாக ஏறும். 20 மெகாவாட் உச்ச நிலையம் கட்டவே வேண்டாம்.

இதற்கு ஒரு வழி கட்டணம். தமிழ்நாட்டில் தொழிற்சாலை போன்ற பெரிய நுகர்வோரின் உயர் அழுத்த இணைப்புக்கு உச்ச நேர யூனிட்டுகளுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு நேரத்துக்கு 5 சதவீதத் தள்ளுபடி. அதோடு பதிவான உச்சத் தேவைக்கோ, ஒப்பந்தத் தேவையின் (இவ்வளவுதான் எடுப்போம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவின்) 90 சதவீதத்துக்கோ, எது அதிகமோ அதற்கு டிமாண்ட் கட்டணம். இப்போது உங்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். நிலைச் செலவை உண்டாக்குவது உச்சம். வீட்டு இணைப்புக்கு இந்த வித்தியாசம் கிடையாது. எந்த நேரத்தில் ஓட்டினாலும் ஸ்லாப்தான் பேசும்.

இன்னொரு வழி சேமிப்பு. கடம்பாறை நீர்மின் நிலையத்தில் 100 மெகாவாட் அலகுகள் நான்கு, 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்து வருகின்றன. மிச்சம் இருக்கும் நேரத்தில் கீழே இருக்கும் ‘மேல் ஆழியாறு’ என்ற நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும், உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும். குந்தாவில் 125 மெகாவாட் அலகுகள் நான்கு கொண்ட இன்னொரு திட்டம் கட்டப்படுகிறது. பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். நம் பகுதிக்கு 20 மெகாவாட்டை 4 மணி நேரம் தர 80,000 யூனிட் கொள்ளும் பேட்டரி வேண்டும். 15 சதவீதம் இழப்பு என்றால் ஏற்றும்போது சுமார் 94,000 யூனிட் செலவாகும். மதியச் சூரிய மின்சாரத்தை இதில் ஏற்றினால் ஒரே கல்லில் பள்ளமும் நிரம்பும், உச்சமும் குறையும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்குச் செய்யக்கூடியது: தண்ணீர்த் தொட்டி மோட்டாரை இரவு 7–11-இல் ஓட்டாதீர்கள், டைமர் வைத்தால் போதும். மின்சார ஸ்கூட்டரையும் காரையும் வீட்டுக்கு வந்ததும் செருகாமல் நள்ளிரவுக்குப் பிறகோ, வார இறுதியில் பகலிலோ ஏற்றுங்கள். ஏசியை 24-லிருந்து 26-க்குள் வைத்து ஃபேன் போடுங்கள். இதில் பில் பெரிதாகக் குறையாமல் போகலாம். உங்கள் தெரு ட்ரான்ஸ்பார்மருக்குத் தெரியும்.

படிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. மே மாதத்து வேலை நாள் ஒன்றுக்கும் டிசம்பர் மாதத்து வேலை நாள் ஒன்றுக்கும் மணிவாரி மின்தேவை எண்களை, லோடு டெஸ்பாட்ச் மையங்கள் வெளியிடும் தினசரி அறிக்கைகளிலிருந்தோ உங்கள் கல்லூரியின் உயர் அழுத்த மீட்டரிலிருந்தோ எடுங்கள். இரண்டு வளைவையும் ஒரே தாளில் வரையுங்கள். லோடு ஃபேக்டர் கணக்கிடுங்கள், அடுக்கி டியூரேஷன் கர்வ் போடுங்கள், படி 4-இல் உள்ள 2,000 மணிக் கோட்டை அதில் வையுங்கள். மே மாதக் கோடும் டிசம்பர் கோடும் எத்தனை மெகாவாட் தள்ளி விழுகின்றன என்று பாருங்கள்.